உடைந்ததும் உடைத்ததும்

குன்னூர்த் தேயிலை ஏலத்துக்கு வரும் சரக்குப் பட்டியலைப் பார்க்கிறவர் கண்ணில் முதலில் படுவது எழுத்துக் கூட்டங்கள்தான்: பி.ஓ.பி., பி.ஓ.பி.எஃப்., பி.பி., எஃப்.பி., பி.டி., எஸ்.ஆர்.டி. குன்னூர்த் தேயிலை வணிகச் சங்கம் 1963இல் ஏலம் தொடங்கியபோதும் இத்தகைய எழுத்துகள்தான். ஏலம் மின்னணுத் திரைக்கு மாறிய பிறகும் இவைதான். பி.ஓ.பி. என்பதை விரித்தால் புரோக்கன் ஆரஞ்சு பெக்கோ. இதில் ‘ஆரஞ்சு’ என்பதற்கும் பழத்துக்கும் சம்பந்தமில்லை. தேயிலையில் ஆரஞ்சுச் சுவையைத் தேடி ஏமாந்தவர்கள் ஏராளம். ‘பெக்கோ’ சீனத்திலிருந்து வந்தது. இளந்தளிரின் மீதுள்ள வெண்மயிரைக் குறித்த சொல். இவ்விரண்டும் கேட்பவருக்குப் பொருள் தராத பெயர்கள், ஆகவே உறுத்தாத பெயர்கள். ‘புரோக்கன்’ அப்படியல்ல. ஆங்கிலம் படிக்கத் தொடங்கிய குழந்தைக்கும் தெரிந்த சொல் அது. புரோக்கன் தட்டைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுப்போம். புரோக்கன் நாற்காலியில் உட்கார மாட்டோம். அதே சொல்லைப் பெட்டியின் மேல் எழுதித் தேயிலையை விற்கிறார்கள், வாங்குகிறவரும் விலை பேசி வாங்குகிறார். சேதத்தைச் சொல்லும் அடைமொழி ஒன்று எப்படிச் சரக்கின் தகுதியைச் சொல்லும் பெயராயிற்று? நீலகிரியின் தொழிற்சாலைகளில் நடப்பதையும் தமிழ் வினைச்சொற்களின் நடத்தையையும் அருகருகே வைத்துப் பார்த்தால் இதற்கு விடை கிடைக்கிறது என்பது என் கருத்து. சேதம் என்பது பொருளின் நிலை அன்று. யார் கையால், எந்த நேரத்தில், எதற்காக அந்த நிலை வந்தது என்ற கணக்கு அது. ஆங்கிலச் சொல் அந்தக் கணக்கை மறைத்துவிடுகிறது. தமிழில் அதைச் சொல்லாமல் வாயைத் திறக்கவே முடியாது.

ஆங்கிலத்தின் ‘புரோக்கன்’ ஒரு பெரிய சாக்கு மூட்டை. பானையும் அதில் விழும், எலும்பும் விழும், கடிகாரமும் வாக்குறுதியும் தூக்கமும் குடும்பமும் விழும். தமிழில் இவை ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு கதி. பானை உடையும், கயிறு அறும், துணி கிழியும், கிளை முறியும், சிறு குச்சியானால் ஒடியும், சுவர் இடியும், அப்பளம் நொறுங்கும், பழம் நசுங்கும். கடிகாரம் இவற்றில் எதுவும் செய்யாது, ஓடாமல் நின்றுவிடும் அல்லது கெட்டுப்போகும். வாக்கு தவறும். தூக்கம் கலையும். உடைந்த ஆங்கிலம் என்று இன்று எழுதுகிறார்கள், ஆனால் பேச்சில் அது அரைகுறை ஆங்கிலம்தான். மனம் மட்டும் இரு மொழியிலும் உடைகிறது, பானையோடு மனத்தை ஒப்பிடத் தமிழனுக்கு ஆங்கிலம் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆக, தமிழில் சேதத்துக்கென்று பொதுவான ஓர் அடைமொழி இல்லை. பொருளின் வடிவையும் இறுக்கத்தையும் பார்த்து வினையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த வினையைப் பெயரெச்சமாக்கித்தான் பெயருக்கு முன் வைக்க முடியும். பழுது, சேதம், சிதைவு என்ற பெயர்ச்சொற்கள் உண்டு. அவை அலுவலகக் கடிதத்துக்கும் காப்பீட்டு விண்ணப்பத்துக்கும் உதவும், அடுக்களைக்கு உதவா.

வினையைத் தேர்ந்தெடுத்த பிறகும் வேலை முடிவதில்லை. ‘உடை’ என்ற ஒரே அடியிலிருந்து உடைந்தது, உடைத்தது என்று இரண்டு கிளைகள் பிரிகின்றன. பள்ளிக்கூட இலக்கணம் இதைத் தன்வினை, பிறவினை என்று கடந்துபோகும். மொழியியலறிஞர் கு. பரமசிவம் இந்த இணைகளை நுணுக்கமாக ஆராய்ந்தவர். 1979இல் நூலாக வந்த அவருடைய ஆங்கில ஆய்வு இதைப் பற்றியதே. செயப்படுபொருள் இருக்கிறதா இல்லையா என்பதைவிட, செயலின் விளைவு எழுவாயின் மேலேயே விழுகிறதா, எழுவாய் அதைப் பிறிதொன்றின் மேல் செலுத்துகிறதா என்பதே இந்தப் பிரிவின் உயிர் என்று அவர் காட்டினார். ஆங்கிலத்தின் ‘புரோக்கன்’ இந்த இடத்தில்தான் வாயை மூடிக்கொள்கிறது. தட்டு தானாக விழுந்து உடைந்ததா, கோபத்தில் யாரோ உடைத்தாரா என்பதை அந்த ஒற்றைச் சொல்லிலிருந்து அறிய வழியில்லை. தமிழில் ‘உடைந்த தட்டு’ என்றால் ஒரு கதை, ‘உடைத்த தட்டு’ என்றால் வேறு கதை. மளிகைக் கடை இந்த வேறுபாட்டை எந்த இலக்கண நூலும் படிக்காமல் காப்பாற்றி வருகிறது. முழு உளுந்துக்குப் பக்கத்தில் இருப்பது உடைத்த உளுந்து. உடைந்த உளுந்து என்று யாரும் கேட்பதில்லை. பொட்டுக்கடலைக்குச் சில ஊர்களில் உடைச்ச கடலை என்றே பெயர். அரிசி விஷயம் வேறு: ஆலையில் அரைபடும்போது யாரும் விரும்பாமல் உடைந்துபோவது அது. அதை உடைத்த அரிசி என்பதில்லை. நொய் என்றும் குருணை என்றும் தனிப்பெயர் கொடுத்து விலையைக் குறைத்து விற்பார்கள். துண்டின் அளவைப் பார்த்தால் பாதி உளுந்தும் பாதி அரிசியும் ஒன்றுதான். ஒன்று செய்த பொருள், மற்றொன்று செய்யும்போது நேர்ந்த இழப்பு.

இனித் தேயிலைக்கு வருவோம். பறித்த கொழுந்தில் தேநீரின் நிறமும் இல்லை, நமக்குத் தெரிந்த மணமும் இல்லை. இலையின் உயிரணுவுக்குள் பாலிஃபீனால்கள் ஓர் அறையில் அடைபட்டுக் கிடக்கின்றன. அவற்றை மாற்றவல்ல நொதி வேறொரு பகுதியில் இருக்கிறது. இலை முழுதாக இருக்கும்வரை இரண்டும் சந்திப்பதில்லை. உயிரணு சிதைந்தால்தான் அவை கலந்து, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து, தியாஃபிளேவின், தியாரூபிஜின் என்ற சேர்மங்களாக மாறும். தேநீரின் செம்மையும் துவர்ப்பும் ‘பிடிப்பு’ம் அங்கிருந்தே வருகின்றன. இதை நொதித்தல் என்றும் புளிக்க வைத்தல் என்றும் தொழிலில் சொல்லிவந்தாலும் இதில் நுண்ணுயிர்க்கு வேலையில்லை, நடப்பது ஆக்சிஜனேற்றம். பெயர் பிழையானது, ஆனால் நிலைத்துவிட்டது. ஆகவே கருப்புத் தேயிலையைப் பொறுத்தவரை சிதைப்பதே செய்வது. சிதைக்காத இலையைக் காயவைத்தால் கிடைப்பது காய்ந்த இலை மட்டுமே. தொழிற்சாலைக்குள் நடக்கும் வேலைகளைத் தமிழில் வரிசையாகச் சொல்லிப் பாருங்கள்: வாட்டி, நசுக்கி, கிழித்து, சுருட்டி, உலர்த்தி, சலித்து. ஒவ்வொன்றும் பிறவினை. இவற்றின் தன்வினை வடிவங்களை இட்டால், வாடி, நசுங்கி, கிழிந்து, சுருண்டு, உலர்ந்து என்று ஒரு செடி செத்துப்போகும் வரலாறு ஆகிவிடும்.

இது வெறும் சொல்விளையாட்டு என்று ஒதுக்க முடியாது என்பதற்குத் தோட்டத்திலேயே சான்று இருக்கிறது. பறித்த இலையைச் சாக்கில் திணித்து அழுத்தினாலும், வண்டியில் மூட்டைமேல் மூட்டை அடுக்கினாலும், இலை நசுங்கிச் சூடேறிச் சிவந்துபோகும். அந்த இலையைத் தொழிற்சாலையில் குறை சொல்வார்கள், கழிப்பார்கள். ஆனால் சாக்குக்குள் வேதியியலாக நடந்தது என்ன? உயிரணு சிதைந்தது, நொதி கலந்தது, ஆக்சிஜன் ஏறியது. சில மணி நேரம் கழித்துத் தொழிற்சாலை உருளைகளுக்கிடையே கூலி கொடுத்து, மின்சாரம் செலவழித்து நடத்தப்போகும் அதே காரியம். வேறுபாடு நேரத்திலும் கட்டுப்பாட்டிலும் இருக்கிறது. சாக்கில் நசுங்கியது சேதம். உருளையில் நசுக்கியது உற்பத்தி. சேதம் என்பது பொருளுக்குள் குடியிருக்கும் பண்பு என்று நம்புகிறவர் இந்த இரண்டு இலைகளுக்கும் என்ன பெயர் வைப்பார்?

‘புரோக்கன்’ என்ற தரப்பெயரும் இந்தப் பாதையில்தான் நடந்து வந்திருக்கிறது. பழைய முறையில், அதாவது ஆர்த்தடாக்ஸ் என்று இன்று சொல்லும் முறையில், இலையை உருட்டிச் சுருளாக்குவதே நோக்கம். உருட்டும்போதும் சலிக்கும்போதும் ஒரு பகுதி உடையும். முழு இலைச் சுருளிலிருந்து அதைப் பிரித்து ‘உடைந்தது’ என்று பெயரிட்டு வேறாக வைத்தார்கள். அந்தக் காலத்தில் அதற்குச் சரியான தமிழ் ‘உடைந்த தேயிலை’யாகத்தான் இருந்திருக்கும், அது தேயிலை உலகின் நொய். பின்னர் நிலைமை தலைகீழானது. சிறு துணுக்கு வெந்நீரில் விரைவாக இறங்கும், நிறம் கொடுக்கும், பாலை விட்டாலும் மங்காது. பால் விட்டுக் குடிக்கும் பழக்கம் பரவப் பரவ, முழு இலையைவிட உடைசலுக்குத் தேவை கூடியது. உடைந்ததைப் பொறுக்கிய தொழில், வேண்டுமென்றே உடைக்கத் தொடங்கியது. 1930இல் அசாமின் அம்கூரி தோட்டத்தில் வில்லியம் மெக்கெர்ச்சர் என்பவர் சி.டி.சி. இயந்திரத்தை வடிவமைத்தபோது இந்த மாற்றம் முழுமை பெற்றது. அந்த மூன்று எழுத்துகளும் நசுக்கு, கிழி, சுருட்டு என்ற மூன்று ஏவல் வினைகள். பல் வெட்டிய இரண்டு எஃகு உருளைகள் எதிரெதிராகச் சுழலும். ஒன்றைவிட மற்றொன்று ஏறத்தாழப் பத்து மடங்கு வேகம். நடுவில் போகும் இலைக்கு முழுதாக மீளும் வாய்ப்பே இல்லை. இன்று நீலகிரியில் சிறு விவசாயிகளின் இலையை வாங்கி அரைக்கும் தொழிற்சாலைகளும், இன்ட்கோசர்வ் என்ற கூட்டமைப்பின் கீழுள்ள கூட்டுறவுத் தொழிற்சாலைகளும் பெரும்பாலும் இந்த முறையில்தான் இயங்குகின்றன. இங்கே ‘முழு இலை’ என்று ஒன்று உருவாவதே கிடையாது. ஆனாலும் ‘புரோக்கன் பெக்கோ’ என்ற பெயர் மாறவில்லை. எதிலிருந்து உடைந்ததோ அந்த முழுமை மறைந்த பிறகும் உடைந்ததன் பெயர் நீடிக்கிறது. ஆங்கிலச் சொல்லின் ஊமைத்தனம் இதற்கு வசதியாக இருந்தது. உடைந்ததிலிருந்து உடைத்ததற்குத் தொழில் தாவியபோது, பெயரை மாற்ற வேண்டிய கட்டாயம் அந்த மொழியில் எழவே இல்லை.

இங்கே நியாயமான ஓர் ஆட்சேபம் வரும். இதெல்லாம் அளவின் பெயர், அவ்வளவுதான். இத்தனை கண்ணுள்ள சல்லடையில் விழுந்தால் இன்ன தரம். ‘புரோக்கன்’ என்பதில் சேதப் பொருள் செத்துப்போய் வெகுகாலமாயிற்று, கல்லறையைத் தோண்டிப் பொருள் தேட வேண்டாம் என்பார்கள். ஒருவகையில் உண்மை. தொழிலில் இச்சொல் அடைமொழியாக நிற்காமல் ‘புரோக்கன்ஸ்’ என்று பன்மைப் பெயராகவே மாறியிருக்கிறது. சொல் தன் வினைப்பொருளை உதிர்த்ததற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டியதில்லை. ஆனால் வெறும் அளவுதான் என்றால், தேயிலைச் சுவைஞர்களின் சொற்பட்டியலில் ‘சாப்பி’ என்ற வசை எப்படி வந்தது? உருட்டும்போது உடையாமல், பின்னால் சலிக்கும் கட்டத்தில் வெட்டும் இயந்திரத்தில் கொடுத்துத் துண்டாக்கிய இலைக்கு அந்தப் பெயர். அதுவும் சிறு துண்டுதான், ஒரே சல்லடையில் விழக்கூடியதுதான். சலிக்கும்போது மிகையாக உரசிப் பளபளப்பை இழந்த தேயிலையைச் ‘சாம்பல்’ என்பார்கள், அதுவும் குற்றம். பெட்டிக்குள் நொறுங்கிப்போன முழு இலைத் தேயிலையை, துணுக்கின் அளவு பி.ஓ.பி.யாக இருக்கிறதே என்று எந்த ஏற்றுமதியாளரும் கொண்டாடுவதில்லை. ஆக, ஒரே அளவுள்ள துணுக்கை, அது வந்த வழியைப் பார்த்து ஒருமுறை தரம் என்றும் ஒருமுறை பழுது என்றும் தொழிலே பிரிக்கிறது. சல்லடைக்குத் தெரியாத வேறுபாடு கண்ணுக்கும் நாக்குக்கும் தெரிகிறது. சேதப் பொருள் சாகவில்லை. உறங்குகிறது, அடுத்த சந்தைக்குப் போனால் விழித்துக்கொள்கிறது.

அப்படி விழித்துக்கொள்வதைத் ‘தூள்’ விஷயத்தில் நன்றாகப் பார்க்கலாம். தரவரிசையில் ‘புரோக்கன்ஸ்’க்கும் கீழே ‘ஃபேனிங்ஸ்’, அதற்கும் கீழே ‘டஸ்ட்’. முதலாவது காற்றில் தூற்றிப் பிரித்தது என்ற பொருளில் வந்தது. இரண்டாவதை அப்படியே பெயர்த்தால் தூசி. மேல்நாட்டில் உயர்ரகத் தேயிலை விற்கும் கடைக்காரர்கள், தேயிலைப் பைகளில் அடைத்திருப்பது ‘டஸ்ட்’ என்று சொல்லியே வாடிக்கையாளர் முகத்தைச் சுளிக்க வைத்துவிட முடியும். தரையில் கூட்டிய குப்பை என்ற எண்ணம் அந்தச் சொல்லோடு ஒட்டிக்கொண்டே வருகிறது. தமிழ்நாட்டில் நிலைமை வேறு. இங்கே பண்டத்தின் பெயரே டீத்தூள். ஆங்கிலத்தின் ‘டஸ்ட்’ ஒன்றுக்குத் தமிழில் தூசி, புழுதி, துகள், தூள், பொடி என்று ஐந்து சொற்கள், அவற்றுள் தூசியும் புழுதியும் தானாக வந்து படிவன, துடைக்கத் தக்கன. தூளும் பொடியும் ஒருவர் இடித்தோ அரைத்தோ ஆக்கியவை. மஞ்சள் தூளையும் மிளகுப் பொடியையும் துடைத்துப் போடுவாரில்லை. டீக்கடைப் பாய்லருக்குப் பக்கத்தில் துணி வடிகட்டியில் இறங்கும் சாயம் இந்தத் தூளால்தான் இறங்குகிறது. தென்னிந்தியச் சந்தை தூளை விரும்பி வாங்குவதற்குப் பால் தேநீர் ஒரு காரணம், சிக்கனம் இன்னொரு காரணம். வாங்குகிறவர் காதில் அந்தப் பெயர் உறுத்தவில்லை என்பதையும் மூன்றாவதாகச் சேர்க்க எனக்குத் துணிவு உண்டு.

பேச்சுத் தமிழ் இதைவிட ஒரு படி மேலே போகிறது. நன்றாக ஆடிய மட்டையாளரை ‘நொறுக்கிட்டான்’ என்கிறோம்; ஒளிவுமறைவின்றிப் பேசியவரை ‘உடைச்சுப் பேசினார்’ என்கிறோம்; எல்லாம் சேர்ந்து அமர்க்களமாக இருந்தால் ‘தூள்!’. அதே மட்டையாளர் ‘நொறுங்கிட்டான்’ என்றால் ஆட்டம் முடிந்தது என்று பொருள். ‘உடைஞ்சுட்டார்’ என்றால் ஆறுதல் சொல்லப் போக வேண்டும். சேத வினை பிறவினையாக நிற்கும்போது ஆற்றலாகவும் தன்வினையாக நிற்கும்போது அழிவாகவும் ஒலிக்கிறது. இதற்கு விலக்கே இல்லையா? ‘என்னத்தைக் கிழிச்ச?’ என்ற கேள்வி இருக்கிறது. அதிலும் கிழிப்பது சாதனை என்ற அடிப்படை கலையவில்லை. நீ அதைச் செய்யவில்லை என்பதே ஏளனம்.

இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கனமானது, அதற்கு முழுப் பதில் என்னிடம் இல்லை. முழு இலையை மதிப்பது வெறும் மேட்டிமையா? இல்லை. முழு இலை தனக்குத் தானே சாட்சி. வெந்நீரில் விரிந்தால் இரண்டு இலையும் ஒரு மொட்டுமா, முற்றிய இலையா என்று கண்ணாலேயே பார்க்கலாம். தூளுக்கு அந்தச் சாட்சியம் போய்விட்டது. முற்றிய இலையையும் காம்பையும் அரைத்தாலும் தூள்தான். ஒருமுறை வடித்த சக்கையைக் காயவைத்துச் சாயம் ஏற்றினாலும் தூள்தான். தேயிலைத் தூளில் கலப்படம் எளிது என்பதால்தான் அது தேயிலை வாரியத்துக்கும் உணவுப் பாதுகாப்புத் துறைக்கும் தீராத தலைவலியாக இருக்கிறது. 1959லேயே தேயிலைக் கழிவுக் கட்டுப்பாட்டு ஆணை ஒன்றை அரசு கொண்டுவர வேண்டியிருந்தது. கூட்டியெடுத்த குப்பை, பஞ்சு, நார், காம்பு ஆகியவற்றைக் கழிவு என்று வகுத்து, அவற்றை வைத்திருக்கவும் விற்கவும் உரிமம் கேட்டது அந்த ஆணை. சட்டத்துக்கே கோடு போட்டுக் காட்ட வேண்டியிருந்த அளவுக்குத் தூளும் குப்பையும் பார்வைக்கு நெருங்கியவை. இது என் வாதத்துக்கு எதிரானதாகத் தோன்றலாம். எனக்கு அப்படிப் படவில்லை. தூளில் குடிப்பவருக்குக் கண்ணால் தெரியாமல் போவது, இதை யார், எதிலிருந்து, எப்படி உடைத்தார் என்பதுதான். ஐயம் எழுவது அது உடைபட்டதால் அல்ல, உடைத்த கை மறைந்திருப்பதால். குன்னூர் ஏலத்தில் வரும் சராசரி விலையைப் பார்த்துத்தான் சிறு விவசாயியின் பச்சை இலைக்கு மாதந்தோறும் விலை கணக்கிடுகிறார்கள். கலப்படத் தூள் சந்தையில் நல்ல தூளின் பெயரைக் கெடுத்தால், கோத்தகிரியில் அரை ஏக்கர் வைத்திருப்பவரின் மூட்டை விலையும் இறங்கும்.

தமிழாசிரியர் ஒருவர் வேறோர் இடத்தில் பிடிப்பார். இலை உடையுமா? பானை உடையும், பருப்பு உடையும். பச்சை இலை கிழியும், பிய்யும், நசுங்கும். காய்ந்த இலை நொறுங்கும். ‘உடைந்த தேயிலை’யைத் தள்ளிவிட்டு ‘உடைத்த தேயிலை’யைப் பிடித்தாலும் வினையே தவறாயிற்றே என்பார். சரிதான், ஒப்புக்கொள்கிறேன். சி.டி.சி. உருளையிலிருந்து மணிமணியாக விழும் சரக்கை வேண்டுமானால் உளுந்தோடு சேர்த்து ‘உடைத்தது’ எனலாம். சுருளிலிருந்து வந்த பி.ஓ.பி.க்கு ‘நொறுக்கு’ பொருந்தும். நொறுக்குத் தீனி என்று சொல்லும்போது யாருக்கும் சேதம் நினைவுக்கு வருவதில்லை அல்லவா? பெட்டியின் மேல் ‘பெக்கோ நொறுக்கு’ என்று அச்சிடும் துணிச்சல் எந்த விற்பனையாளருக்கும் வராது என்பது வேறு விஷயம். தேயிலைக்காரர்கள் ஆங்கில எழுத்துகளோடு நின்றுவிட்டதும் குடிப்பவர்கள் டீத்தூளோடு நின்றுவிட்டதும் சோம்பலால் அல்ல. நேர் மொழிபெயர்ப்பு கொண்டுவரும் அபத்தத்தை இரு தரப்பும் காதால் உணர்ந்திருக்கிறார்கள்.

கடைசியாக, என் கணக்கில் அடங்க மறுக்கும் ஒரு தேயிலை. தைவானில் ‘ஓரியண்டல் பியூட்டி’ என்று ஒரு வகை. பச்சைத் தத்துப்பூச்சி சாற்றை உறிஞ்சிய தளிர்களிலிருந்து மட்டுமே அதைச் செய்கிறார்கள். கடிபட்ட செடி தன்னைக் காத்துக்கொள்ளச் சுரக்கும் பொருள்கள்தாம் அதன் தேன் மணத்துக்கு மூலம். இங்கே உடைத்த கை மனிதனுடையது அல்ல, நோக்கமும் மனிதனுடையது அல்ல. ஆனாலும் சேதமே சிறப்பு. அப்படியானால் யார் கை, என்ன நோக்கம் என்ற என் அளவுகோல் விழுந்துவிட்டதா? அந்தத் தோட்டக்காரர் என்ன செய்கிறார் என்று பார்க்க வேண்டும். பூச்சிமருந்து அடிக்காமல் காத்திருக்கிறார். கடிபட்டதும் இல்லை, கடித்ததும் இல்லை, கடிக்க விட்டது. தமிழின் ‘விடு’ என்ற துணைவினை இந்த மூன்றாவது நிலைக்கென்றே செய்துவைத்தது போல இருக்கிறது. நீலகிரியின் குளிர்காலத் தேயிலையிலும் இதன் சாயல் உண்டு. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பனிக்காலத்தில் செடி மெதுவாக வளரும்போது பறித்ததை ‘ஃபிராஸ்ட் டீ’ என்று பெருமையோடு விற்கிறார்கள். ஆனால் உறைபனி நேரடியாக விழுந்து கருகிய இலை அதில் சேராது. செடியைக் குளிரில் விடலாம், கருக விட முடியாது. அதே மலையில் தேயிலைக் கொசு என்று பெயர் பெற்ற நாவாய்ப்பூச்சியும் தளிரைக் குத்திச் சாறு உறிஞ்சுகிறது. பெயரில்தான் கொசு, அது குத்திய தளிர் கறுத்துச் சுருண்டு காய்ந்துபோகும், தேன் மணம் எதுவும் வராது. அந்த இலையைக் கொண்டுவரும் விவசாயியிடம் தொழிற்சாலை வாசலில் எடை போடுகிறவர் ஒரு கைப்பிடி அள்ளிப் பார்த்து, பூச்சி விழுந்தது என்று தனியே ஒதுக்குவார்.